மாதம் பன்னிரண்டரை லிட்டர் எங்கே போயிற்று?

ஒரு நாள் காலை நான் பல் தேய்த்துக் கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வருஷம் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் நோட்டும் கையுமாக வருகிறார் என்றால், எங்கோ யாருக்கோ கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம்.

"தம்பி, நீங்கள் பத்திரிகைக்காரர், நாலும் தெரிந்தவர். ஒரு விஷயத்துக்கு நீங்கள் சாட்சியாக இருக்க வேண்டும்" என்றார்.

"என்ன விஷயம், சார்?"

"நாளையோடு என் டிரைவரை நிறுத்தப் போகிறேன். அவன் பெட்ரோல் திருடுகிறான்."

வாயிலிருந்த பற்பசையில் பாதியை விழுங்கிவிட்டேன். அந்த டிரைவரை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிறவர். காலை ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு வாசலில் நிற்பார். பெரியவரின் பேத்தி, சொந்தத் தாத்தாவுக்குச் சொல்லாத பள்ளிக்கூட ரகசியங்களையெல்லாம் அவரிடம்தான் சொல்லுவாள். அவருக்கும் பள்ளிக்குப் போகிற இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். திருட்டுப் பட்டத்துடன் ஒரு வீட்டை விட்டு வெளியேறிய டிரைவருக்கு, அதே தெருவில் இன்னொரு வீட்டில் வேலை கிடைக்குமா? கிடைக்காது. அடுத்த தெருவிலும் கிடைக்காது.

"எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

பெரியவர் நோட்டைப் பிரித்தார். முத்து முத்தான எழுத்தில் ஆறு மாதக் கணக்கு இருந்தது. கண் அறுவை செய்துகொண்ட பிறகு அவர் தாமே கார் ஓட்டுவதில்லை. வண்டி சின்ன வண்டிதான், ஆயிரம் சி.சி. எஞ்சின். லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வாங்கும்போது சொல்லியிருக்கிறார்கள். மாதம் ஓடுவது 300 கிலோமீட்டர். அப்படியானால் ஆக வேண்டிய பெட்ரோல் 12½ லிட்டர். ஆனால் வாங்கிய பெட்ரோலோ 25 லிட்டர்!

"பாருங்கள், சரிபாதி! மாதம் பன்னிரண்டரை லிட்டர் எங்கே போகிறது? லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பது. வருஷத்துக்குப் பதினையாயிரம். காற்றிலா கரைகிறது?"

கணக்கில் பிழையே இல்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. இருந்தாலும், "ஒரு மாதம் பொறுங்கள், சார். நானும் கூட இருந்து பார்க்கிறேன். அப்புறம் நீங்கள் என்ன தீர்மானித்தாலும் சரி" என்று தவணை வாங்கினேன். பாங்கிக்காரர் அல்லவா? தவணை என்ற வார்த்தைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்தார்.

நேயர்களே, கார் வைத்திருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி எழாத வீடு இருக்கிறதா? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் சின்னக் கார் நிற்கலாம் என்ற நிலை ஏற்பட்ட நாளிலிருந்து, "எவ்வளவு கொடுக்கிறது?" என்பதுதான் நம்முடைய முதல் கேள்வி. பெண் பார்க்கப் போனால் "பாடத் தெரியுமா?" என்று அந்தக் காலத்தில் கேட்டார்களே, அந்த மாதிரி! விளம்பரத்தில் ஒரு பதில் வருகிறது. வீட்டில் வேறு பதில் வருகிறது. நடுவில் காணாமல் போகிற பெட்ரோலுக்காக ஒருவர் கம்பெனியைத் திட்டுகிறார், ஒருவர் பங்க்கைத் திட்டுகிறார், ஒருவர் மகனின் ஓட்டத்தைத் திட்டுகிறார். எங்கள் பெரியவர் டிரைவரைச் சந்தேகித்தார். ஆகவே, இந்த வழக்கை முதலிலிருந்து விசாரிப்போம்.

அந்த 24 எங்கே பிறந்தது?

கம்பெனி சொன்ன 24 பொய்யா? பொய் இல்லை. ஆனால் அது நம் ஊர்ச் சாலையில் பிறந்த எண்ணும் இல்லை. ஒரு பரிசோதனைச் சாலையின் அறைக்குள் பிறந்தது.

அங்கே காரை இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். சக்கரம் சுழலும், உருளையும் கூடவே சுழலும், கார் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராது. சாலையிலும் காற்றிலும் ஏற்படக்கூடிய தடையை அந்த உருளைகளே கொடுக்கும். ஓட்டுபவர் முன்னால் ஒரு திரை. இத்தனையாவது நொடியில் இத்தனை வேகம் என்று அதில் கோடு ஓடும். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் அவர் ஓட்ட வேண்டும்.

பல வருஷங்களாக இந்தியக் கார்களை அளந்து வந்த முறைப்படி அந்த ஓட்டம் மொத்தம் 1180 நொடிகள். இருபது நிமிஷத்துக்கும் குறைவு. தூரம் பத்தரைக் கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். அதிகபட்ச வேகம் 90. முதலில் 195 நொடிகள் கொண்ட ஒரு நகர ஓட்டம், அதையே நான்கு தடவை. பிறகு 400 நொடி ஊருக்கு வெளியே ஓடுவது போன்ற ஓட்டம். ஏ.சி. போடுவதில்லை. வெயில் இல்லை, மழை இல்லை, குறுக்கே வருகிற மாடு இல்லை, எதிர்த் திசையில் வருகிற ஆட்டோ இல்லை. பின்ஸீட்டில், "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்று சொல்லுகிற மாமியும் இல்லை!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அங்கே பெட்ரோலை அளவு பார்ப்பதில்லை, புகையைத்தான் பார்க்கிறார்கள். குழாய் வழியாக வருகிற புகையைப் பைகளில் பிடித்து, அதில் கரி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். வெளியே வந்த கரி அத்தனையும் பெட்ரோலாகத்தானே உள்ளே போயிருக்க வேண்டும்? அதிலிருந்து எரிந்த பெட்ரோலின் அளவு தெரிந்துவிடுகிறது. முறை மிகவும் நுட்பமானது, நேர்மையானதும்கூட.

அப்படியானால் அந்த எண்ணால் நமக்கு என்ன பிரயோஜனம்? கடையில் இரண்டு கார்களை அருகருகே வைத்து ஒப்பிட அது உதவும். இரண்டும் ஒரே பரீட்சையை எழுதியவை அல்லவா? ஆனால், "உன் வீட்டு வாசலில் இத்தனை கொடுப்பேன்" என்று கார் எழுதிக் கொடுத்த பத்திரமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர் செய்த முதல் தவறு அதுதான்.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் இந்த வித்தியாசத்தைப் பற்றி மனக்குறை பெருகியதால், 2008-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து ஏ.சி., அதிக வேகம், குளிர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் 2017-இல் பழைய பரீட்சையை மாற்றிக் கடினமான புதிய பரீட்சை கொண்டு வந்தார்கள். அப்படியும், 2021-இல் பதிவான கார்கள் சாலையில் உண்மையாகக் குடித்த எரிபொருளைத் திரட்டிப் பார்த்தபோது, பரீட்சை சொன்னதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகவே இருந்தது.

ஐந்தில் ஒரு பங்கு சரி. எங்கள் பெரியவர் வீட்டில் இரண்டு மடங்கு அல்லவா ஆகியிருக்கிறது? வாருங்கள், மேலே போவோம்.

அளக்கத் தெரிந்தால்தான் பழி சொல்லலாம்

முதலில் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். நம்மில் பலர், "ஐந்நூறு ரூபாய்க்குப் போடு" என்று சொல்லிவிட்டு, முள் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்து மைலேஜ் சொல்லுகிறோம். அந்த முள்ளை நம்பி யார் மீதும் குற்றம் சாட்டக் கூடாது.

சரியான முறை இதுதான்: பங்க்கில் டாங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்' கென்று நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ரூபாயை முழுசாக்குவதற்காகச் சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொல்லாதீர்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அதே பங்க்கில், அதே குழாயில், முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வண்டியின் மைலேஜ்.

ஏன் அத்தனை தூரம் ஓட்ட வேண்டும்? குழாய் நிற்பதில் ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகலாம். ஐந்து லிட்டர் போட்டுக் கணக்குப் பார்த்தால் அந்த ஒரு லிட்டர் நூற்றுக்கு இருபது பங்கு பிழை. இருபத்தைந்து லிட்டரில் அது நாலே பங்குதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது உத்தமம்.

நல்லவேளையாகப் பெரியவரின் கணக்கு ஆறு மாதக் கணக்கு. ஆகவே மொத்தத்தில் அது சரிதான். லிட்டருக்கு 12 என்பது மெய். இனி, பெட்ரோல் போன வழியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று நாள் துப்பறிதல்

மூன்று நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு, அந்தக் காரின் முன்ஸீட்டில் உட்கார்ந்தேன். நங்கநல்லூரில் வீடு. பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர். காலையில் பேத்தியைக் கொண்டுபோய் விட்டு வீடு திரும்புவது 6. மாலையில் போய் அழைத்து வருவது 6. ஆக நாளொன்றுக்கு 12 கிலோமீட்டர். சனிக்கிழமையும் பாட்டு வகுப்பு உண்டு. தூரம் ஏறக்குறைய அதேதான். மாதம் 25 நாள் என்றால் 300 கிலோமீட்டர்.

டிரைவர் அழகாகவே ஓட்டினார். அவசரம் இல்லை, உறுமல் இல்லை. ஆனால் மாலையில் ஒரு காட்சியைக் கண்டேன். பள்ளி வாசலில் இடம் பிடிப்பதற்காக மணி அடிக்க 25 நிமிஷம் முன்னாலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது. நின்ற பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஏ.சி.யும் ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது.

"எஞ்சினை நிறுத்தவில்லையா?" என்றேன்.

"இல்லை, சார். பெரியவர் உத்தரவு. குழந்தை ஏறும்போது வண்டி குளுகுளுவென்று இருக்கணும், நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

எனக்கு வழக்கின் முடிச்சு அந்த இடத்திலேயே அவிழத் தொடங்கிவிட்டது. நிற்கிற காருக்கு மைலேஜ் என்ன? பூஜ்யம்! எஞ்சின் சுற்றுகிறது, பெட்ரோல் எரிகிறது, கிலோமீட்டர் மட்டும் ஏறுவதில்லை. சின்னக் காரின் எஞ்சின் சும்மா நிற்கும்போது, ஏ.சி.யையும் வெயிலையும் பொறுத்து, மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்:

நகரத்துக்குள் ஓடும்போது லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோமீட்டருக்கு 706 மில்லி ஆகும். நிற்கும்போது மணிக்கு 700 மில்லி என்றால், 25 நிமிஷத்துக்கு 292 மில்லி. இரண்டையும் கூட்டினால் 998 மில்லி. அதாவது ஒரு லிட்டர்! பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். பெரியவரின் நோட்டில் இருந்தது அதே எண்தான்.

வீடு திரும்பும் வழியில் டிரைவர் தாமாகவே பேசினார். "ஆறு மாசமா பெரியவர் தினம் மீட்டரைக் குறிக்கிறாரு, சார். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன். அவரு கேட்கவே இல்லை."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு அதற்குப் பிறகு பேச வாய் வரவில்லை.

இரண்டு தேக்கரண்டி பெட்ரோல்

ஆனால், "நின்றது போக, ஓடும்போதாவது 24 கொடுக்க வேண்டாமா? ஏன் 17?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கார் ஓடுவதற்குப் பெட்ரோல் எரிகிறது என்கிறோம். வாஸ்தவத்தில், எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி உஷ்ணமாகப் புகையிலும் ரேடியேட்டரிலும் போய்விடுகிறது. அப்படி அரும்பாடுபட்டுச் சேர்த்த வேகத்தை நாம் என்ன செய்கிறோம்? சிக்னலில் பிரேக்கை அழுத்தி ஒரே நொடியில் செலவழித்துவிடுகிறோம். 900 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் போட்டு நின்றால், அந்த வேகத்தை மீண்டும் பெற மட்டும் சுமார் 11 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல், பெட்ரோல் வேண்டும். பிரேக் என்பது பெட்ரோலைச் சூடாக்கிக் காற்றில் விடுகிற கருவி என்று வைத்துக்கொண்டால் தவறில்லை.

அதற்காகப் பிரேக் போடாதீர்கள் என்று சொல்லுகிறேனா? சிவசிவா! ஆளை இடிப்பதைவிட இரண்டு தேக்கரண்டி போவது எவ்வளவோ மேல். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். சிவப்பை நோக்கி விரைந்து ஓடுவதில் யாருக்கு என்ன லாபம்?

அப்படிக் காலை எடுக்கும்போது கியரிலேயே இருக்கட்டும். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். இன்றைய கார்களில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால், எஞ்சினைச் சக்கரமே சுற்ற வைப்பதால் பெட்ரோல் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். இறக்கத்தில் அப்படி உருட்டுவது ஆபத்தும்கூட.

அடுத்தது, குறுகிய பயணம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. ஆறிய எஞ்சினுக்குப் பெட்ரோல் சற்றுத் தாராளமாகவே ஊட்டப்படுகிறது. எண்ணெயும் இளகி ஓடாமல் இழுக்கிறது. அதே சமயம், வெயிலில் காய்ந்த காரைக் குளிர வைப்பதற்காக முதல் சில நிமிஷங்களில் ஏ.சி. தன் முழு பலத்துடன் உழைக்கிறது. கடும் வெயிலில், அதிலும் குறுகிய பயணங்களில், ஏ.சி. மட்டுமே மைலேஜைக் கால் பங்குக்கு மேல்கூடக் குறைத்துவிடலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நம் ஊர் மே மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

மற்றச் சந்தேக நபர்கள்

விசாரணை என்றால் எல்லாரையும் விசாரிக்க வேண்டும் அல்லவா?

முதலில் டயர்களைப் பிடித்தேன். காற்று குறைந்திருந்தது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால், பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கிற சீட்டில் இருக்கும். நாலு டயரிலும் ஒவ்வொரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் நூற்றுக்குச் சுமார் 0.2 பங்கு குறையும். பத்துப் பவுண்டு குறைந்திருந்தாலும் இரண்டு பங்குதான் ஆயிற்று. ஆகவே டயர் சின்னத் திருடன்தான். ஆனால் டயர் சீக்கிரம் தேயும், பிரேக் பிடிப்பும் கெடும் என்பதால் அவனையும் சும்மா விடக் கூடாது.

இரண்டாவது, பெட்ரோலே. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. 2025-இல் நாடு அந்த அளவை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பு வருவதற்கு முன் வடிவமைத்து, பத்துப் பங்கு எத்தனாலுக்கு மட்டும் பக்குவப்படுத்திய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்றும், இருபது பங்குக்கென்றே பக்குவப்படுத்தியவற்றில் 1 முதல் 2 சதவிகிதம் குறையலாம் என்றும் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கை சொன்னது. அதிகபட்சமாகவே வைத்துக்கொண்டாலும், இது 24-ஐ 22 ஆக்குமே தவிர 12 ஆக்காது.

மூன்றாவது, வேகம். இது நகரத்துக்குள் இல்லை, நெடுஞ்சாலையில் வருகிறவன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இல் போகிறவர் 100-இல் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். 60-இல் போகிறவர் 120-இல் போனால் நாலு மடங்கு! கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று இன்னும் இழுக்கும். ஆகவே ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கலாம்; நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போடுவதே மேல்.

தீர்ப்பு

மூன்றாம் நாள் இரவு பெரியவரிடம் போய், 998 மில்லிக் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "கணக்கு சரி. ஆனால் காகிதத்தில் எதையும் நிரூபிக்கலாம், தம்பி. வண்டியில் நிரூபியுங்கள்" என்றார். அதுவும் நியாயம்தான்.

டாங்கை நிரப்பினோம். டயருக்குக் காற்று அடித்தோம். அந்த மாதம் முழுவதும் பள்ளி வாசலில் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்று உத்தரவு மாறியது. வாசலிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு புங்க மரம் இருந்தது. டிரைவர் வண்டியை அதன் நிழலில் விட்டுவிட்டு, மற்ற டிரைவர்களோடு கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார். குழந்தை ஏறியதும் முதல் ஒரு நிமிஷம் நாலு கண்ணாடியையும் இறக்கிச் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, பிறகு ஏ.சி. போட்டார். சிக்னலில் அரை நிமிஷத்துக்கு மேல் எண் ஓடினால் எஞ்சினை நிறுத்தினார். பத்து நொடிக்கு மேல் சும்மா நிற்பதைவிட, நிறுத்தி மறுபடி கிளப்புவதற்கு ஆகிற பெட்ரோல் குறைவு என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுகிற கணக்கு.

மாத முடிவில் நிரப்பினோம். 306 கிலோமீட்டருக்கு 18½ லிட்டர். லிட்டருக்குப் பதினாறரை!

அதே ஓட்டுபவர், அதே தெரு, அதே பேத்தி. மாதம் ஏழு லிட்டர் மிச்சம். டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிற திருடன், எஞ்சினை நிறுத்தச் சொன்னதும் எப்படித் திருந்துவான்?

பெரியவர் பேசவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் திருவண்ணாமலைக்கு அழைத்தார். பெரியவர், அவர் மனைவி, பேத்தி, நான், டிரைவர் ஆக ஐந்து பேர். டாங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். திண்டிவனம், செஞ்சி வழியாகப் போய், அண்ணாமலையாரைத் தரிசித்துவிட்டு அன்றே திரும்பினோம். 80-க்கு மேல் முள் ஏறாமல் டிரைவர் ஒரே சீராக ஓட்டினார். ஏ.சி. முழு நேரமும் ஓடியது. இரவு அதே பங்க்கில் நிரப்பியபோது 364 கிலோமீட்டருக்கு 17½ லிட்டர் ஆகியிருந்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 21!

பாருங்கள், நேயர்களே! ஒரே காருக்கு மூன்று மைலேஜ். பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டபோது 12; அதே பள்ளிக்கு நிறுத்தி ஓட்டியபோது பதினாறரை; நெடுஞ்சாலையில் 21. இவற்றில் எது உண்மை? மூன்றும் உண்மை. கம்பெனியின் 24-உம் அதன் பரீட்சை அறைக்குள் உண்மைதான். மைலேஜ் என்பது காரில் மட்டும் இருக்கிற குணம் அல்ல. கார், சாலை, வெயில், கால், வீட்டு உத்தரவு எல்லாம் சேர்ந்து போடுகிற கணக்கு அது. உங்கள் வண்டியின் எண்ணை நீங்கள்தான் அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். அளந்த பிறகு அது திடீரென்று குறைந்தால், அப்போது சந்தேகப்படுங்கள். முதலில் வண்டியை, பிறகு உங்கள் உத்தரவை, மனிதரைக் கடைசியில்.

பங்க்கிலிருந்து வீட்டுக்கு வந்து இறங்கியதும், பெரியவர் முன்ஸீட்டுப் பக்கம் போனார். கையில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது.

"இந்தாப்பா, இனிமேல் இதை நீயே எழுது" என்று டிரைவரிடம் நீட்டினார்.

"நானா, ஐயா?"

"ஆமாம். எனக்குக் கண் சரியில்லை" என்றார் பெரியவர். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "ஆறு மாதமாகவே சரியில்லை" என்றும் சொன்னார்.

டிரைவர் நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை சரியாக ஏழு மணிக்கு, எதிர்வீட்டு வாசலில் எஞ்சின் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் பல் தேய்த்துக் கொண்டிருந்தேன்.